தொண்ணூறு சென்டிமீட்டர் கூடுதல்

அந்த யோசனை எனக்குள் விழுந்த நேரத்தில், அம்மா போனில் தண்ணீர் லாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக வரவில்லையாம். நான் "ம்" கொட்டிக்கொண்டு, இங்கே வளைகுடாவில், கராமாவில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றிருந்தேன். படி பாதியில் திரும்பும் இடத்தில் ஒரு சமதளம் இருக்குமே, லேண்டிங் என்போமே, அங்கே. கட்டடக்கலை படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சும்மா நின்றால் கால் தானாக அளக்கும். என் செருப்பு படி விளிம்பிலிருந்து சுவர் வரைக்கும் அடிமேல் அடி வைத்துப் போனது. எட்டரைச் செருப்பு. இரண்டு மீட்டருக்கு மேல்.

லிஃப்ட் இல்லாத சின்ன நான்கு மாடிக் கட்டடத்துக்கு இது அநியாய அகலம். இதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தால் போதும். யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அடுத்த நொடி, அன்று மதியம் அலுவலகக் கணினியில் ஓடிய நூற்றுக்கணக்கான வரைபடங்களில் ஒன்று கண்முன் வந்தது. இதே மாதிரி ஒரு படிக்கட்டு. இதே மாதிரி பெருத்த லேண்டிங்.

"அம்மா, வைக்கிறேன்."

"சாப்டியாடி?"

"சாப்டேன்."

சாப்பிடவில்லை. மேலே ஓடிப்போய் என் கட்டிலில் ஏறி, திரையை இழுத்து விட்டுக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். வரைபடத்தின் மனை எண்ணும் எங்கள் கட்டடத்தின் மனை எண்ணும் ஒன்றாக இருந்தன. யாருடைய வேலையைப் பற்றிக் கண்காட்சி அமைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்களோ, அவர் கட்டிய கட்டடத்தில்தான் நான் அதுவரை தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நான்கு வருட வேலையை வைத்துக்கொண்டு பணி அனுபவம் எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் சாய்வு நாற்காலியில் எழுத வேண்டியது இது. ஆனால் கட்டடக்கலை முடித்துவிட்டு, அருங்காட்சியக வேலைக்கு வரலாமா அக்கா என்று கேட்டு எழுதும் உங்களுக்கு, நான் தலை நரைத்தபின் பதில் சொன்னால் என்ன பயன்? அதற்குள் நான் செய்த தப்பை நீங்களும் செய்து முடித்திருப்பீர்கள். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த வேலை கூட்டமாகச் செய்யும் வேலை என்று கல்லூரியில் சொல்லித் தருவார்கள். நம்பாதீர்கள். எங்கள் கியூரேட்டர் வேறொரு நாட்டில் இருந்தார். கண்காட்சியில் எது இருக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று முடிவெடுப்பவர் அவர். அவர் முகத்தை நான் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். மரவேலை ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் நடந்தது. கண்காட்சி அரங்கில் காலை முதல் மாலை வரை நானும் குளிர்சாதனத்தின் இரைச்சலும்தான். வாய் திறந்து தமிழில் ஒரு வாக்கியம் பேச மாலை வரை காத்திருக்க வேண்டும். அதுவும் அந்த லேண்டிங்கில் நின்றால்தான்.

அந்த லேண்டிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஃப்ளாட்டில் ஆறு பெண்கள். என் பங்கு ஒரு மேல்கட்டில், ஒரு திரை, ஒரு ப்ளக் பாயிண்ட். அறையில் பேசினால் ஐந்து பேர் கேட்பார்கள். ஆகவே அந்தக் கட்டடத்தில் யாருக்கு வீட்டோடு பேச வேண்டுமென்றாலும் படிக்கட்டுக்கு வருவார்கள். ஒவ்வொரு லேண்டிங்கிலும் இரண்டு பேர். ஒருவர் கைப்பிடிச் சுவர் பக்கம், இன்னொருவர் காற்று வரும் துளைக்கல் பக்கம், முதுகுக்கு முதுகு. ஏறி வருகிறவர் கீழேயே ஒரு இருமல் இருமிவிட்டு வர வேண்டும். கேட்டதைப் பற்றிப் பேசக் கூடாது. யாரும் எழுதி ஒட்டாத சட்டம். என் முதுகுக்குப் பின்னால் நிற்பவர் காதர் அண்ணன். கீழக்கரைப் பக்கம். சூப்பர் மார்க்கெட்டில் வேலை. அவர் மகளுக்கு எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவின் சர்க்கரை அளவு அவருக்குத் தெரியும். படியில் எதிரே பார்த்தால் "என்ன தங்கச்சி, டூட்டி முடிஞ்சா?" என்பதோடு சரி.

இப்போது என் யோசனை உங்களுக்குப் புரிந்திருக்கும். கட்டடக் கலைஞர் ஒரு சூடானியர். இளைஞராக வந்து, கடைசிவரை இங்கேயே இருந்து கட்டியவர். அவர் கட்டியவற்றில் பாதியை இடித்துவிட்டார்கள். மற்றவர்களாக இருந்தால் மாதிரிகளையும் புகைப்படங்களையும் வரிசையாக வைப்பார்கள். நான் அந்த லேண்டிங்கை உள்ளது உள்ள அளவில் அரங்கின் நடுவில் கட்ட நினைத்தேன். பார்வையாளர் ஏறி நிற்க வேண்டும். சுவரிலிருந்து, அனுமதி வாங்கிப் பதிவுசெய்த குரல்கள், பேச்சின் ஒரு பக்கம் மட்டும் கேட்கும். "ம்... சாப்பிட்டேன்... இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கேன்... ம்."

கியூரேட்டருக்கு ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினேன். 'தனியாகப் பேச மனிதனுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.' திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்காட்சிக்கே அதுதான் தலைவாக்கியம் என்றார். நுழைவுச் சுவரில் அரபியிலும் ஆங்கிலத்திலும் ஆளுயர எழுத்தில் வருவதாக முடிவாயிற்று.

அவருக்குத் தெரிந்திருந்ததா என்று அந்தக் கட்டடக் கலைஞரை யாரும் கேட்கவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். கடிதப் போக்குவரத்து எல்லாம் கனடாவிலிருக்கும் அவருடைய மகள் வழியாக நடந்தது. 'அப்பா உங்களை நம்புகிறார்' என்று மகள் எழுதினார். நானும் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷமாக இருந்துவிட்டேன்.

திறப்புக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கட்டடக் கலைஞரே வந்து நின்றார். டாக்சியில், தனியாக, ஒரு கைத்தடியோடு. லேண்டிங்கின் மரச்சட்டம் ஏறிவிட்டிருந்தது, பூச்சுதான் பாக்கி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். ஆங்கிலமும் அரபியும் கலந்த பேச்சு. தமிழில் சொல்கிறேன்.

"இது என்ன?"

"உங்கள் லேண்டிங், முஹந்திஸ்." இங்கே பொறியாளரையும் கட்டடக் கலைஞரையும் அப்படித்தான் அழைப்போம்.

"கராமாவில் இருப்பதா?"

"ஆமாம். நான் அங்கேதான் குடியிருக்கிறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் அறை சின்னதாக இருக்குமே."

"சின்னதுதான்."

"இதை எடுத்துவிடு. கலாஸ், அவ்வளவுதான்."

கண்காட்சியே இதைச் சுற்றித்தான் என்றேன். தலைவாக்கியத்தைக் காட்டினேன். அதைப் படித்ததும் அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். அதில் சந்தோஷம் இல்லை.

"பெண்ணே, எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அது பிழை. நான் ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் என்று எழுதினேன். அது இரண்டு புள்ளி ஒன்றாக வந்தது."

அவரிடம் அப்போது படம் வரைய ஒரு டிராஃப்ட்ஸ்மேன் இருந்திருக்கிறார். இந்தியர், கடலோரத்து முஸ்லிம், "உன் மொழிக்காரன்தான்" என்றார். அப்போது வந்து இரண்டு வாரம்தான். அரபி ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனால் மதரசாவில் ஓதக் கற்றவர், கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாக வாசிப்பாராம். அலுவலகமே சுற்றி நின்று கேட்டுச் சிரிக்குமாம். முஹந்திஸ் படத்தின்மேல் சிவப்புப் பென்சிலால் திருத்தங்களை அரபி எண்ணில் எழுதிக் கொடுத்தார். அரபி எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். ஆனால் எண்ணை மட்டும் நாம் வாசிப்பதுபோல இடமிருந்து வலமாகவே வாசிக்க வேண்டும். அந்த மனிதர் எழுத்தைப் போலவே எண்ணையும் வலப்பக்கத்திலிருந்து வாசித்தார். படத்தைத் திருத்தி வரைந்தார். நான்கு மாடிக்கும் கான்கிரீட் போட்ட பிறகு, அறைகள் ஏன் சிறுத்துவிட்டன என்று கட்டடத்தின் சொந்தக்காரர் கத்தும்போதுதான் தெரிந்தது.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"அனுப்பிவிட்டேன். அந்த வாரமே விசா கேன்சல்."

"அவர் பெயர்?"

கைத்தடியை ஊன்றி எழுந்தார். "நான் 'யா ஹிந்தி', ஏ இந்தியனே, என்றுதான் கூப்பிட்டேன். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட்டோம்."

அவர் போன பிறகு அந்த மரச்சட்டத்தின்மேல் உட்கார்ந்தேன். யாரிடம் சொல்வது? கியூரேட்டரைத் திரையில் பிடித்தேன். அவர் கெட்டவர் அல்ல, அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "வயதானவரின் ஞாபகம் சாட்சி ஆகாது. அப்படியே பிழை என்றாலும், அவர் என்ன நினைத்தார் என்பதைவிட அந்த இடம் மனிதர்களுக்கு என்ன செய்தது என்பதுதானே முக்கியம்? வாக்கியம் இருக்கட்டும். அவரைச் சமாதானப்படுத்து. வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது." திரை கறுத்தது. என் முகம் மட்டும் அதில் தெரிந்தது.

அன்று ஒன்றைச் சரியாகச் செய்தேன், அதை மட்டும் தைரியமாகச் சொல்வேன். மூலப்படத்தைப் பார்க்கப் போனேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் கறுப்பு வெள்ளை ஸ்கேன். காகிதம் பெட்டிக்குள் இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு விரித்தால், லேண்டிங்கின் ஓரத்தில் சிவப்புப் பென்சில். ஸ்கேனில் வெறும் அழுக்குபோல மங்கியிருந்தது இங்கே பளிச்சென்று இருந்தது: ١٫٢. இடது ஓரத்துக் கோடு ஒன்று. வலது ஓரத்தில் இருப்பது இரண்டு. அடுத்த தாள் திருத்தி வரைந்த படம். அழகான, நடுங்காத கை. 2.1. கீழ்மூலைக் கட்டத்தில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் எஸ்.எம். என்று இரண்டெழுத்து. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் முஹந்திஸின் கையெழுத்து, தேதியோடு.

சரிபார்த்தவர். அவர் இதை என்னிடம் சொல்லவில்லை.

அன்று மாலை லேண்டிங்கில் சட்டத்தை மீறினேன். காதர் அண்ணன் பேசி முடிக்கும்வரை நின்று, போனில் எடுத்திருந்த அந்தச் சிவப்பு எண்ணை மட்டும் காட்டினேன்.

"அண்ணே, இதை வாசிங்களேன்."

"என்னம்மா, பரீட்சையா?" கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "ரெண்டு... ரெண்டு புள்ளி... இரு இரு. நம்பர் இந்தப் பக்கமிருந்துல்ல. ஒண்ணு புள்ளி ரெண்டு." சிரித்துவிட்டார். "இத்தன வருசம் ஆச்சு, இன்னும் கண்ணு அங்கிட்டுதான் ஓடுது பாரு. மதரசாவுல எழுத்தத்தான் சொல்லிக் குடுத்தாஹ. குர்ஆன்ல ஆயத்து நம்பர யாரு பாத்தா, ஓதிக்கிட்டே போயிருவோம். வந்த புதுசுல கேம்புல பன்னெண்டாம் ரூமுன்னு நெனச்சு இருவத்தொண்ணாம் ரூமுல போயிப் படுத்துட்டேன் தங்கச்சி. அங்கருந்த பட்டாணி ஆளு ஒருத்தன் என்னைத் தூக்கி வெளியில வச்சான்."

"வேலைக்கு ஒண்ணும் ஆகலையா?"

"எனக்கு ரூமுதான மாறுச்சு. வேலையில மாறியிருந்தா கஃபீல் மொதலாளி சும்மா விடுவானா? மூட்டையக் கட்டுன்னுருப்பான்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, யாருக்கும் ஏதும் ஆயிப்போச்சா?" என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று மேலே வந்துவிட்டேன்.

மூன்று வழி இருந்தது. முஹந்திஸ் சொன்னபடி லேண்டிங்கை எடுத்துவிடலாம். கண்காட்சி உயிரில்லாமல் போகும், ஆனால் பொய் இருக்காது. கியூரேட்டர் சொன்னபடி வாக்கியத்தை வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் கண்ணாடியைத் துடைப்பார்கள், எனக்கு அடுத்த கண்காட்சியும் கிடைக்கும். நடந்ததை எழுதலாம். அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். அவர் மறுத்தால் அந்தப் பாவமும் என் தலையில். மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும், "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. இந்த வேலையில் முடிவெடுக்கும் நேரம் எப்போதும் அப்படித்தான் வரும். பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். நான் இன்னும் பழகவில்லை.

புதன்கிழமை ஷார்ஜாவில் முஹந்திஸின் வீட்டுக்குப் போனேன். பெரிய ஃப்ளாட். ஒரு நாற்காலியில் மட்டும் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. இரண்டு தாள்களின் வண்ணப் பிரதியை மேசையில் விரித்து, 'சரிபார்த்தவர்' கட்டத்தின்மேல் விரலை வைத்தேன்.

"பார்த்துவிட்டாயா?" என்றார்.

"பார்த்தேன்."

"பார்க்காமல் போட்ட கையெழுத்து. அன்றைக்கு என்னிடம் பதினைந்து படங்கள் இருந்தன." என் விரலை ஒதுக்கிவிட்டு, "இதை எழுதவா வந்தாய்?"

"தாளில் இருப்பதை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் ஒன்று புள்ளி இரண்டு என்று எழுதினீர்கள். அவர் இரண்டு புள்ளி ஒன்று வரைந்தார். அப்படியே கட்டினார்கள். வேறு எதுவும் வேண்டாம்."

"கண்காட்சிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். முதலில் முழுப் பொய். பிடித்துவிட்டால் பாதி உண்மை."

சுருக்கென்றது. தினமும் அங்கே நின்றுதான் என் அம்மாவோடு பேசுகிறேன் என்றேன். உங்கள் எண்ணைச் சரியாக வாசித்திருந்தால் எனக்கு நிற்க இடம் இருந்திருக்காது என்றேன்.

"என் எண்ணைச் சரியாக வாசித்திருந்தால் உன் அறை பெரிதாக இருந்திருக்கும். அறைக்குள்ளேயே பேசியிருப்பாய்."

"ஆறு பேர் இருக்கும் அறையில், முஹந்திஸ், எவ்வளவு பெரிதானாலும் முடியாது."

அதை அவர் யோசித்தார். எழுந்துபோய் ஒரு டப்பாவைக் கிளறி, கட்டையாகிப் போன ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து வந்தார். நான் தட்டச்சு செய்து எடுத்துப்போயிருந்த மூன்று வரிகளைப் படித்தார். கீழே இன்னும் மூன்று வரி எழுதினார். எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இது இல்லாவிட்டால் லேண்டிங்கும் வேண்டாம்."

அந்தத் தாளைப் படம் எடுத்துக் கியூரேட்டருக்கு அனுப்பினேன். மகளுக்கும் அனுப்பினேன். மகளிடமிருந்து பதில் இல்லை. கியூரேட்டர் திரையில் வந்தார். "நுழைவுச் சுவர் காலியாக இருக்குமே" என்றார். இருக்கட்டும் என்றேன். "அச்சுக்கு அனுப்பு" என்றார்.

லேண்டிங்கின் பக்கத்தில் இடுப்புயரத்தில் இருந்த குறிப்பு இதுதான்:

'கட்டடக் கலைஞர் 1.2 மீட்டர் என்று எழுதினார். எஸ்.எம். அதை 2.1 என்று வரைந்தார். அப்படியே கட்டப்பட்டது. பார்க்காமல் கையெழுத்திட்டவர் கட்டடக் கலைஞர். பிழை தெரிந்த வாரமே வரைந்தவர் ஊருக்கு அனுப்பப்பட்டார். கையெழுத்திட்டவர் இங்கேயே இருந்தார்.'

திறப்பு விழாவில் இதைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. ஒருவர் மட்டும் விளக்கு நன்றாக இருக்கிறது என்றார். முஹந்திஸ் வரவில்லை. கையில் பழரசத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு தூணோரம் நின்றுவிட்டு மெட்ரோ பிடித்து வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, தன் விடுமுறை நாளில் காதர் அண்ணன் வந்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு. குறிப்பின் அரபிப் பகுதிக்கு முன்னால் நின்று, "என்னம்மா, எழுத்துக்கு மேலயும் கீழயும் ஜபர் ஜேர் ஒண்ணுமே போடாம எழுதிருக்காஹ, எப்படி ஓதுறது" என்று முணுமுணுத்துவிட்டு, ஓதும் ராகத்திலேயே திக்கித் திக்கி வாசித்தார். காவலாளி திரும்பிப் பார்த்தார். வாசித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்ன எழுதியிருக்கு?"

தமிழில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த ஆளு எந்த ஊருன்னு தெரியுமா?"

"கடலோரம்னு மட்டும்தான் தெரியும்."

"கடலோரம்னா எத்தன ஊரு இருக்கு. எஸ்.எம்.னா ஊருக்கு நூறு பேரு இருப்பான். செய்யது முகம்மதும் எஸ்.எம்.தான், சாகுல் மீரானும் எஸ்.எம்.தான்." குறிப்புக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த, எஸ்.எம். வரைந்த படத்தைக் குனிந்து பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்கு. பள்ளிக்கூடத்துல ட்ராயிங் மாஸ்டரா இருந்திருப்பாரோ. அப்படி ஊருல கேட்டா ஒருவேளை தெரியும்."

அடுத்த மாதம் எனக்குப் பதினைந்து நாள் லீவு. கண்காட்சி முடிந்துவிட்டது, மரச்சட்டத்தைக் கழற்றியாயிற்று, புதிய வேலைக்கு அழைப்பும் வந்திருக்கிறது. அதற்கு முன் காயல்பட்டினத்தில் தொடங்கிக் கடற்கரை ஓரமாகவே வடக்கே போகப் போகிறேன். கீழக்கரையில் காதர் அண்ணனின் மச்சான் கூட வருவார். வளைகுடாவில் படம் வரைந்துவிட்டுச் சீக்கிரமே திரும்பி வந்த ஒருவரை யாருக்காவது தெரியுமா என்று பள்ளிவாசல்களிலும் பழைய பள்ளிக்கூடங்களிலும் கேட்க வேண்டும். அவர் இல்லாமலே போயிருக்கலாம். இருந்தாலும், வாசற்படியிலேயே என்னைத் திருப்பி அனுப்பலாம்.

கண்டுபிடித்தால், அந்தப் பிழை அழகாக இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. இரண்டு தாள்களின் பிரதிகளையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்பேன். பதில் சொல்ல அவருக்கு விருப்பம் இல்லையென்றால், தாள்களை அவரிடமே கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் கேட்பேன்.